கண்டுபிடித்தவர்களும் கணக்கில் வராதவர்களும்

புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காகக் காத்து நிற்போர் இரண்டு திசைகளில் ஒன்றையே நோக்கி நிற்பர். நயினாதீவுக்குச் செல்வோருக்குக் கடற்பயணம் சிறிது நேரமே. நாகபூசணி அம்மனை வழிபடச் செல்லும் தமிழரும், நாகவிகாரைக்குச் செல்லும் தென்னிலங்கைச் சிங்கள யாத்திரிகரும், அத்தீவின் பள்ளிவாசலோடு உறவுடைய முஸ்லிம்களும் ஒரே படகில் நெருக்கியடித்து அமர்ந்து செல்வர். நெடுந்தீவுக்குச் செல்வோர் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் அலைகளோடு மல்லாட வேண்டும். நெடுந்தீவு என்று நாம் அழைக்கும் அந்த நிலம், அரசாங்கக் கடிதங்களிலும் உலக வரைபடங்களிலும் இன்றும் 'டெல்ப்ட்' என்றே குறிக்கப்படுகின்றது. அப்பெயர் ஒல்லாந்து நாட்டிலுள்ள ஒரு நகரத்தின் பெயராகும்.

1658ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இத்தீவுகள் அனைத்துக்கும் தமது நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்ரர்டாம் ஆயிற்று; வேலணை லெய்டன்; அனலைதீவு றொட்டர்டாம்; எழுவைதீவு ஹூர்ன்; நயினாதீவு ஹார்லெம். குறிகட்டுவான் அமைந்துள்ள புங்குடுதீவோ மிடில்பர்க் என்று எழுதப்பட்டது. இவற்றுள் பல வெறும் ஊர்ப் பெயர்களல்ல. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியை நடத்திய ஆறு வணிக சபைகள் இருந்த நகரங்களுள் ஆம்ஸ்ரர்டாம், மிடில்பர்க், டெல்ப்ட், றொட்டர்டாம், ஹூர்ன் ஆகிய ஐந்தும் அடங்கும். அதாவது, முதலிட்டவர்களின் பெயர்களே முதலீடு செய்யப்பட்ட நிலத்துக்கு இடப்பட்டன. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கைற்ஸ்' என்ற பெயர் அதற்கு முந்தியது. கப்பற்றுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து அது வந்தது என்பர்.

பெயர் சூட்டியவர்கள் போய்விட்டனர். பெயர்களும் டெல்ப்டையும் கைற்ஸையும் தவிரப் பெரும்பாலும் மறைந்துவிட்டன. எனினும் அவர்களைப் பற்றிய விவாதம் உலகெங்கும் இப்போதுதான் சூடு பிடித்துள்ளது. 2020ஆம் ஆண்டு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கொலம்பசின் சிலைகள் வீழ்த்தப்பட்டன. சில இடங்களில் நகர நிருவாகமே அவற்றை அகற்றியது. போர்த்துக்கலின் தலைநகரான லிஸ்பனில் 'கண்டுபிடிப்புகளின் அரும்பொருட்சாலை' ஒன்றை அமைக்க முற்பட்டபோது, 2018ஆம் ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட வரலாற்றறிஞர்கள் 'கண்டுபிடிப்பு' என்ற அச்சொல்லையே எதிர்த்துக் கையெழுத்திட்டனர். ஏற்கெனவே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த நாடுகளை எவ்வாறு கண்டுபிடிக்க முடியும் என்பது அவர்களது வாதம். 2022 டிசம்பரில் நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டேயும், 2023 ஜூலையில் அந்நாட்டு மன்னரும் அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கோரினர். 2024 ஏப்ரலில் போர்த்துக்கல் ஜனாதிபதி மார்செலோ ரெபேலோ த சூசா, குடியேற்ற ஆட்சிக் காலக் குற்றங்களுக்குத் தமது நாடு பொறுப்பேற்க வேண்டும் எனக் கூறியபோது, அந்நாட்டு அரசாங்கமோ அதற்கான நடவடிக்கை எதுவும் தன்னிடம் இல்லை என்று கையை விரித்தது.

இவ்விவாதத்தில் எமது பங்கு என்ன? யாழ்ப்பாணத்தில் வஸ்கொடகாமாவுக்குச் சிலை இல்லை, வீழ்த்துவதற்கும் எதுவுமில்லை. எம்மிடம் உள்ள சிலை முத்திரைச் சந்தியில் குதிரை மீது வாளேந்தி நிற்கும் சங்கிலியனுடையது. எனவே சிலைகளைப் பற்றிய சண்டை எமக்கு வேண்டியதில்லை. எமது சிக்கல் வேறு. ஒரே கூட்டத்தவரிடம் ஒரே கடலில் அடிபட்ட தமிழரும் முஸ்லிம்களும் அந்த அடியின் கதையை இரண்டு தனித்தனி ஏடுகளில் எழுதி வைத்திருக்கின்றனர். ஒருவர் ஏட்டை மற்றவர் திறந்து பார்ப்பதில்லை.

முதலில் 'கண்டுபிடித்தவர்' என்ற பட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1498ஆம் ஆண்டு மே மாதம் கோழிக்கோட்டுக்கு அருகே கரையிறங்கிய வஸ்கொடகாமா இந்தியாவைக் கண்டுபிடித்தார் என்று எமது தலைமுறையினர் பாடசாலையில் நெட்டுருப் பண்ணினோம். அவர் வந்த கடல்வழியில் கிழக்காபிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பாதி, அராபியரும் குஜராத்தியரும் பல நூற்றாண்டுகளாகப் போய்வந்த வழி. மாலிந்தித் துறைமுகத்தில் கிடைத்த ஒரு மாலுமியே அவரை மலபார்க் கரைக்கு அழைத்து வந்தான். அம்மாலுமி புகழ்பெற்ற அராபியக் கடலறிஞர் இப்னு மாஜித் என்ற கதை முஸ்லிம் எழுத்தாளர் சிலராலும் பெருமையோடு எடுத்துச் சொல்லப்படுவதுண்டு. ஆய்வாளர் அதனை இப்போது ஏற்பதில்லை. வந்தவன் ஒரு குஜராத்தியனாக இருக்கக்கூடும் என்பதே பலரது கருத்து. அப்பழியை அந்த முதியவர் மீது சுமத்தாதிருப்பதே நியாயம்.

இலங்கையைக் 'கண்டுபிடித்த' கதை இதைவிடச் சுவையானது. 1505ஆம் ஆண்டளவில் லோரன்சோ த அல்மெய்தா இத்தீவைத் தேடி வரவில்லை. மலபார்க் கரையில் போர்த்துக்கேயரின் கண்ணிற் படாமல் மாலைதீவு வழியாகச் சென்றுகொண்டிருந்த முஸ்லிம் வணிகரின் கப்பல்களை மறித்துப் பிடிப்பதற்கே அவர் அனுப்பப்பட்டார். காற்று அவரை எமது கரையில் கொண்டு வந்து சேர்த்தது. ஆகவே இந்நாட்டில் ஐரோப்பியர் வருகை என்று பாடநூல்கள் கூறும் நிகழ்ச்சி, அதன் பிறப்பிலேயே முஸ்லிம் கப்பல்களைத் துரத்திய வேட்டையின் துணை விளைவாகும். 2005ஆம் ஆண்டில் அதன் ஐந்நூறாவது ஆண்டு வந்தபோது, அதை நினைவுகூருவதா கண்டிப்பதா என்று தென்னிலங்கையில் வாதப்பிரதிவாதங்கள் எழுந்தன. பௌத்த விகாரைகளின் அழிவு அங்கே பேசப்பட்டது. அது பேசப்பட வேண்டியதே. ஆனால் முதலில் வேட்டையாடப்பட்டவர்களைப் பற்றிய பேச்சு மிகக் குறைவாகவே இருந்தது.

அந்த வேட்டை எத்தகையது என்பதற்கு 1502ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றே போதும். தமது இரண்டாவது பயணத்தில், மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 'மீரி' என்னும் கப்பலை வஸ்கொடகாமா மலபார்க் கரைக்கு அப்பால் மறித்தார். அதில் ஹஜ் கடமையை முடித்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகச் சில நூறு பேர் இருந்தனர். செல்வந்தர்கள் பெரும் பொருள் தருவதாகக் கூறியும் அவர் இணங்கவில்லை. பொருள்கள் பறிக்கப்பட்ட பின் கப்பல் தீக்கிரையாக்கப்பட்டது. தாய்மார் தமது குழந்தைகளைத் தூக்கிக் காட்டி இரந்ததை எழுதி வைத்தவர் எதிரி நாட்டவரல்லர். அந்தக் கப்பற்படையிலேயே வந்திருந்த தொமே லோபெஸ் என்ற போர்த்துக்கேயர். 'அக்காலத்தை அக்காலத்து அளவுகோலால் அளக்க வேண்டும்' என்று இன்று வாதிடுவோர் இச்சாட்சியைக் கவனிக்க வேண்டும். அக்காலத்து மனிதர் ஒருவருக்கே அது அடுக்காத செயலாகப் பட்டிருக்கின்றது.

மலபார் முஸ்லிம்களின் துயரத்தைப் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரபு மொழியில் எழுதியவர் ஷெய்கு செய்னுத்தீன் மக்தூம். 'துஹ்பத்துல் முஜாஹிதீன்' என்ற அந்நூல், ஆசியாவின் தரப்பிலிருந்து போர்த்துக்கேயரைப் பற்றி எழுதப்பட்ட மிக முக்கியமான நூல்களுள் ஒன்று. அந்நூலைப் போர்த்துக்கேய மொழியில் டேவிட் லோபெஸ் என்ற அறிஞர் லிஸ்பனில் வெளியிட்ட ஆண்டு 1898. வஸ்கொடகாமாவின் பயணத்துக்கு நானூறாண்டு விழா எடுக்கப்பட்ட அதே ஆண்டு! விழா எடுத்தவர்களே குற்றப்பத்திரிகையையும் அச்சிட்டார்கள். அவர்களது ஆவணப் பற்றை இவ்விடத்தில் மெச்சாதிருக்க இயலவில்லை.

இனி, யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1591ஆம் ஆண்டு அந்திரே பூர்த்தாடோ த மென்டோன்சா என்ற தளபதி பெரும் கப்பற்படையோடு வந்து யாழ்ப்பாண இராச்சியத்தைத் தாக்கினான். மன்னன் புவிராஜ பண்டாரம் கொல்லப்பட்டான். எதிர்மன்னசிங்கன் போர்த்துக்கேயருக்குக் கட்டுப்பட்டவனாக அரியணையில் அமர்த்தப்பட்டான். யாழ்ப்பாண வரலாற்றைப் பயின்ற எவரும் இப்பெயரை அறிவர். கேரளத்து முஸ்லிம்களின் வரலாற்றைப் பயின்றவரும் இதே பெயரை அறிவர். போர்த்துக்கேயரைப் பல தலைமுறைகளாகக் கடலில் எதிர்த்து நின்ற குஞ்ஞாலி மரைக்கார்களில் நான்காமவர், 1600ஆம் ஆண்டில் சரணடைந்தபோது அவரைக் கைதியாக்கிக் கோவாவுக்குக் கொண்டு சென்றவனும் இந்தப் பூர்த்தாடோதான். உயிருக்கு உறுதி கூறப்பட்டிருந்தும் மரைக்கார் அங்கே சிரச்சேதம் செய்யப்பட்டார். ஒன்பதாண்டு இடைவெளியில் ஒரே மனிதன் நல்லூரில் ஒரு தமிழ் மன்னனையும் மலபாரில் ஒரு முஸ்லிம் கடற்தலைவனையும் வீழ்த்தியிருக்கின்றான். எமது பிள்ளைகளின் பாடநூலில் முதலாவது செய்தி உண்டு, இரண்டாவது இல்லை. முஸ்லிம் ஏடுகளில் இரண்டாவது உண்டு. முதலாவது பெரும்பாலும் இல்லை.

இவ்விரண்டும் தற்செயலாக ஒத்தமைந்தவை என்று கருத முடியாது. யாழ்ப்பாண மன்னரும் மரைக்கார்களின் கப்பற்படையும் பொது எதிரியால் நெருக்கப்பட்டு ஒருவரையொருவர் நாடியவர்கள். 1617ஆம் ஆண்டளவில் ஆட்சியைக் கைப்பற்றிய இரண்டாம் சங்கிலி, தஞ்சை நாயக்கரின் துணையை நாடியதோடு, மலபார்க் கடலோடிகள் நெடுந்தீவைத் தளமாகக் கொண்டு பாக்குநீரிணையில் போர்த்துக்கேயக் கப்பல்களைத் தாக்குவதற்கும் இடமளித்தான். குறிகட்டுவானிலிருந்து இன்று குதிரைகளையும் பழைய கோட்டை இடிபாட்டையும் பார்க்கப் பயணிகள் படகேறிச் செல்லும் அதே நெடுந்தீவுதான். தமிழ் மன்னனின் அனுமதியோடு மலபார் முஸ்லிம் மாலுமிகள் நங்கூரமிட்ட தீவு அது என்பதை அங்கு செல்லும் எத்தனை பேர் அறிவர்? குதிரைகளைக் கொண்டு வந்தவர் போர்த்துக்கேயர் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

1619ஆம் ஆண்டு பிலிப் தெ ஒலிவேரா படையெடுத்து வந்தான். சங்கிலி பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. நயினாதீவு அம்மன் ஆலயமும் அதே காலத்தில், 1620ஆம் ஆண்டில், இடிக்கப்பட்டது என்பது ஆலய மரபு. அது மீள எழுந்தது 1788இலேயே என்றும் அம்மரபு கூறும். ஒலிவேரா ஐந்நூறு கோயில்களை அழித்தான் என்று சொல்லப்படும் எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால் அழிவை மறுத்து எழுதிய போர்த்துக்கேய ஆசிரியர் எவருமிலர். அவர்களுக்கு அது மறைக்க வேண்டிய செயலாகத் தோன்றவில்லை, மாறாகப் பெருமைக்குரிய சமயப் பணியாகவே தோன்றியது.

யாழ்ப்பாணம் வீழ்ந்து ஏழாண்டுகளுக்குள், 1626இல், போர்த்துக்கேயரின் ஆட்சிக்குட்பட்ட இலங்கைப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றும் கட்டளை பிறந்தது. கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் எனக் கூறப்படுகின்றது. கிழக்கிலங்கை முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் வரலாற்றில் இதுவே முதல் அத்தியாயம். கோயில் இடிப்பையும் இந்த வெளியேற்றத்தையும் பிரிப்பது ஐந்தாண்டு இடைவெளி மட்டுமே. இரண்டுக்கும் பின்னால் நின்ற அதிகாரமும் ஒன்றே. ஆயினும் கோயில் இடிப்பு தமிழரின் துயரமாகவும், வெளியேற்றம் முஸ்லிம்களின் துயரமாகவும் நாலு நூற்றாண்டுகளாகப் பிரித்தே சொல்லப்பட்டு வருகின்றன.

இவ்வாறு சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. அடிபட்டவர்கள் அனைவரும் தூயவர்களாக இருந்தார்கள் என்று கொண்டால் கணக்குப் பிழைத்துவிடும். 1544ஆம் ஆண்டில் முதலாம் சங்கிலி, மன்னாரில் கத்தோலிக்க மதத்தைத் தழுவிய அறுநூறுக்கு மேற்பட்ட தன் குடிமக்களைக் கொல்வித்தான். இவனும் 1619இல் வீழ்ந்த சங்கிலியும் வேறு வேறானவர்கள். இருவரையும் ஒருவராக்கிப் பேசுவது எம்மவரின் வழக்கமாகிவிட்டது. மன்னார்ப் படுகொலைக்குப் பழி வாங்க வேண்டும் என்று பிரான்சிஸ் சவேரியார் கோவாவை வற்புறுத்தினார். போர்த்துக்கேயரும் புறப்பட ஆயத்தமாயினர். இடையில் பெகுவிலிருந்து வந்த அரச கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டியது. அதிலிருந்த பொருள்கள் மன்னன் வசமாயின. பொருள்களை மீட்கும் வரை படையெடுப்பு வேண்டாம் என்று முடிவாயிற்று! இறந்த அறுநூறு பேரைவிடக் கப்பற் சரக்குக் கனமாக இருந்தது என்பதைச் சவேரியாரே தமது கடிதத்தில் வருத்தத்தோடு குறிப்பிடுகின்றார்.

நான்காம் குஞ்ஞாலியைப் போர்த்துக்கேயர் தனியாக வெல்லவில்லை. அவரது மேலாளனான கோழிக்கோட்டுச் சாமூதிரியே அவர்களோடு கூட்டுச் சேர்ந்தான். இன்னொரு புறம், யாழ்ப்பாணத்தில் 1620, 1621ஆம் ஆண்டுகளில் ஒலிவேராவுக்கு எதிராகக் கிளர்ந்த தலைவர்களுள் மிகப்பிள்ளை ஆராச்சி ஒரு கிறிஸ்தவர். மதமே எல்லைக்கோடு என்று நம்புவோரை இத்தகைய பெயர்கள் சங்கடப்படுத்தும்.

தீவகத்தின் கத்தோலிக்கத் தமிழரைப் போர்த்துக்கேயரின் எச்சமாகப் பார்க்கும் வழக்கம் எம்மிடையே சிலரிடம் உண்டு. அதனையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1658இன் பின்னர் ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை விரட்டி, வழிபாட்டைத் தடை செய்தனர். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, ஒளிந்திருந்து பணியாற்றிய யோசப் வாஸ் அடிகளார் இந்தியரே. 2015இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். ஐரோப்பியன் கொண்டு வந்த மதத்தை மற்றோர் ஐரோப்பியன் தடை செய்தபோதும் விடாது காத்தவர்கள் இங்குள்ள மக்கள். ஒலிவேராவின் கணக்கை அவர்களிடம் நீட்டுவது அநியாயம்.

ஒல்லாந்தரிடம் வருவோம். அவர்கள் போர்த்துக்கேயரைப் போலக் கோயில்களை இடித்துப் பெயர் எடுத்தவர்களல்லர். கணக்கெழுதிப் பெயர் எடுத்தவர்கள். யாழ்ப்பாண இராச்சியத்தின் நிருவாகமும் வரி வருமானமும் போர்த்துக்கேயரால் 1645 அளவில் பதியப்பட்டிருந்தன. அந்த ஆவணத்தைத் துணையாகக் கொண்டு போல் பீரிஸ் 1920இல் ஒரு நூலே வெளியிட்டார். ஒல்லாந்தர் அதனை மேலும் விரித்தனர். காணியும் மரமும் தோம்பில் ஏறின. வடபகுதியில் நிலத்தடியிலிருந்து சாயவேர் தோண்டும் வேலை சில சாதியினர் மீது கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டது. முஸ்லிம்கள் மீதும் செட்டிகள் மீதும் ஊழியம் என்ற கட்டாய வேலை விதிக்கப்பட்டது. 'கந்தோர்' என்று இன்றும் எமது முதியோர் அலுவலகத்தைக் குறிப்பிடுகின்றனரே, அச்சொல் அக்காலத்து எச்சம். 'தோம்பு' போர்த்துக்கேயர் தந்தது. அலுமாரி, கதிரை, சப்பாத்து, பாண் என்று அவர்கள் விட்டுச் சென்றவை ஏராளம். சொற்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எவரும் கேட்கப் போவதில்லை.

சட்டம் பற்றிய விடயம் அவ்வளவு இலகுவானதன்று. 1706, 1707ஆம் ஆண்டுகளில் ஆளுநர் சைமன்சின் கட்டளைப்படி கிளாஸ் ஈசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகளைத் திரட்டி எழுதினார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டுச் சரியென ஒப்பமிட்டனர். அதுவே தேசவழமை. திருமணச் சொத்திலும் காணி வாங்கும் முன்னுரிமையிலும் இன்றுவரை எம்மை ஆளும் சட்டம் அது. எமது தனித்துவத்தின் அடையாளம் என்று பெருமை கொள்கின்றோம். அந்தத் தொகுப்பில் அடிமைகளுக்கென ஒரு பகுதி இருந்தது என்பதைப் பெருமையோடு எவரும் சொல்வதில்லை. கோவியரும் நளவரும் பள்ளரும் யாருடைய உடைமை, அவர்தம் பிள்ளைகள் யாருக்கு உரியர் என்பதெல்லாம் அங்கே எழுதப்பட்டிருந்தன. ஒல்லாந்தன் எழுதினான், எம்மவர் ஒப்பமிட்டனர். 1844இல் பிரித்தானியர் சட்டமியற்றும் வரை அந்நிலை நீடித்தது. ஐரோப்பியர் சுதேசிகளை நடத்திய விதம் பற்றிய எந்த விசாரணையும் யாழ்ப்பாணத்தில் இவ்விடத்துக்கு வந்ததும் தயங்கி நிற்பதற்குக் காரணம் இதுதான். இங்கே சுதேசிகளில் ஒரு பகுதியினர் மற்றொரு பகுதியினரை நடத்திய விதமும் அதே ஏட்டில் பதிவாகியிருக்கின்றது.

1659 முதல் 1661 வரை சோழமண்டலக் கரையில் போரும் பஞ்சமும் வாட்டின. பசியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற தஞ்சைப் பகுதித் தமிழர் ஆயிரக்கணக்கானோரை நாகபட்டினத்திலும் பிற துறைகளிலும் ஒல்லாந்தர் விலைக்கு வாங்கி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றினர். இக்கடலைக் கடந்து வந்த அந்த மக்களின் பெயர்கள் எங்கே? 2022இல் ருட்டே தமது மன்னிப்பு உரையில், ஆசியாவில் கம்பனியின் எல்லைகளுக்குள் ஆறு இலட்சத்து அறுபதாயிரம் முதல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விற்கப்பட்டனர் என்றும், சரியான தொகை தமக்கே தெரியாது என்றும் கூறினார். தீவுகளுக்குத் தமது பங்குதாரரின் நகரப் பெயர்களைச் சூட்டி, காணிகளையும் மரங்களையும் தோம்பில் ஏற்றிய ஒரு கம்பனிக்கு, தான் விற்ற மனிதரின் தொகை மட்டும் தெரியாமற் போயிற்று.

இக்கட்டத்தில், நானூறு ஆண்டுக்கு முந்திய கணக்கைக் கிளறுவதால் ஆவதென்ன, அண்மைக் காலத்துக் கணக்குகளே தீர்க்கப்படாதிருக்கும்போது இது வீண்வேலை அல்லவா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையிலுள்ள அதே கடலில், 1985ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி, குமுதினிப் படகில் சென்ற பயணிகளில் குறைந்தது 23 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதனைச் செய்தவர்கள் கடற்படையினர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து விரட்டப்பட்டோர் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். 1626இன் கட்டளையை எழுதியவன் அந்நியன். 1990இன் கட்டளை தமிழில் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுவதற்குத் தமிழ்ப் பத்திரிகையாளர் பலரும் நெடுங்காலம் தயங்கினர். இதை எழுதுபவரும் அந்தத் தயக்கத்துக்கு விலக்கானவரல்லர்.

ஆனால் பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. லிஸ்பன் ஒலிவேராவைப் பற்றிப் பேச மறுக்கும்போது என்ன சாட்டுச் சொல்லுகின்றதோ, அதே சாட்டுகளைக் கொழும்பும் யாழ்ப்பாணமும் சொல்லுகின்றன. போர்க் காலம், எதிரியின் சதி, பாதுகாப்புத் தேவை, எமது மக்களும் இழந்தனர் என்பனவே அவை. சாட்டுகளின் சாயலை ஒரு முறை கண்டுகொண்டவர், அடுத்த முறை அவற்றை எவர் வாயிலிருந்து கேட்டாலும் அடையாளம் காண்பார்.

நடைமுறையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் நெதர்லாந்து ஆறு அரும்பொருட்களை இலங்கைக்குத் திருப்பியனுப்பியது. 1765இல் கண்டி அரண்மனையிலிருந்து கவரப்பட்டதாகக் கருதப்படும் லெவ்கே திசாவையின் பீரங்கியும் பொன்வாளும் அவற்றுள் அடங்கும். அவை கொழும்பு அரும்பொருட்சாலைக்கு வந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் வடபகுதியிலிருந்து போனவை வாளும் பீரங்கியும் அல்ல. எமக்கு வேண்டியவை ஏடுகள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. ஹேக் நகரிலும் கொழும்புத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் சென்னையிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் அவை பிரிந்து கிடக்கின்றன. போர்த்துக்கேய ஆவணங்கள் லிஸ்பனிலும் கோவாவிலும் உள்ளன. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 நூல்களை இழந்த ஒரு சமூகத்துக்கு, தன் ஊரைப் பற்றிய முதல் எழுத்துச் சான்றுகள் பிற தேசங்களில் பத்திரமாக இருப்பது ஓர் ஆறுதல்தான். ஆயினும் அவற்றைப் படிக்கப் போர்த்துக்கேயமும் பழைய ஒல்லாந்த மொழியும் தெரிந்த மாணவர் வேண்டும். 'போர்த்துக்கேயரின் கீழ் யாழ்ப்பாணம்' பற்றி 1986இல் விரிவான நூல் எழுதியவர் திக்கிரி அபயசிங்க என்ற சிங்களப் பேராசிரியர். ஒல்லாந்தர் காலத்தை ஆராய்ந்த சின்னப்பா அரசரத்தினம் எம்மவர். அவ்வழியில் அடுத்து வருவோரின் தொகை சிறிது.

எனவே நெதர்லாந்திடமும் போர்த்துக்கலிடமும் கேட்க வேண்டியது, யாழ்ப்பாணத் தோம்புகளினதும், நாகபட்டினத்திலிருந்து அடிமைகளை ஏற்றிய கப்பல்களின் பதிவுகளினதும், முஸ்லிம்கள் மீதான கட்டளைகளினதும் முழுப் பிரதிகளை. அவற்றோடு அம்மொழிகளைக் கற்பிக்கச் சில ஆண்டுகளுக்கு ஆசிரியர்களை. பிரதிகள் ஒன்றுக்கு இரண்டாக வர வேண்டும். ஒன்று திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும், மற்றது ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும். பூர்த்தாடோவைப் பற்றி 1591இலிருந்து படித்துவரும் மாணவனும் 1600இலிருந்து படித்துவரும் மாணவியும் ஒரே மேசையில் அமர்வதற்கு அது போதும்.